அமெரிக்கக் கறுப்பர்களுக்காக ஒரு பூசை

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அமெரிக்காவிலிருந்து பால் வந்தது. பால் என்றால் பவுடர். இடுப்புயர அட்டைப் பீப்பாய்களில் புதுக்கோட்டை வரைக்கும் லாரியில் வந்து, அங்கிருந்து எங்கள் ஊருக்கு மாட்டு வண்டியில் வரும். பீப்பாயின் மேல் இரண்டு கைகள் ஒன்றையொன்று பற்றிக் குலுக்குகிற படம் போட்டிருக்கும். காலை இடைவேளைக்கு முன்னால் அண்டாவில் வெந்நீர் வைத்து, பவுடரைக் கொட்டி, கட்டி தட்டாமல் கலக்குவது என் வேலை. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தம்ளர்களோடு நிற்பார்கள். மேலத்தெருப் பிள்ளைகள் ஒரு வரிசை, கீழத்தெருப் பிள்ளைகள் இன்னொரு வரிசை. இரண்டாவது வரிசைக்கு ஊற்றும்போது அகப்பையைச் சற்று உயர்த்திப் பிடிப்பேன், தம்ளரில் பட்டுவிடாமல். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. கை தானாகவே உயர்ந்தது.

இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. பின்னால் வருவதைப் படித்துவிட்டு, இவ்வளவு நல்ல டீச்சர் எப்படி இந்தக் காரியத்தைச் செய்தாள் என்று யாரும் ஆச்சரியப்பட வேண்டாம்.

புதுக்கோட்டைச் சீமையில் பல தலைமுறைகளாக வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், இருக்கும் ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. மேலத்தெருவில் நாங்கள், நிலம் வைத்திருப்பவர்கள். கீழத்தெருவில் அந்த நிலத்தில் இறங்கி வேலை செய்பவர்கள். இரண்டு தெருவுக்கும் ஞானஸ்நானம் ஒன்றுதான், கோயிலும் ஒன்றுதான். சிலுவை வடிவத்தில் கட்டிய கோயில். நடுவில் நாங்கள் உட்காருவோம், வடக்குச் சிறகில் அவர்கள். இடையே இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மரக்கிராதி. நாங்கள் பெரிய வாசல் வழியாக வருவோம், அவர்கள் வடக்கு வாசல் வழியாக. சாமி என்று நாங்கள் கூப்பிடும் பாதிரியார், நடுவில் இருப்பவர்களுக்கு எல்லாம் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுத்து முடித்துவிட்டுக் கடைசியாக வடக்குப் பக்கம் போவார். இந்த ஏற்பாடு சர்வேசுரனுக்கும் பிடித்துத்தான் இருக்க வேண்டும் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பிடிக்காவிட்டால் இத்தனை வருஷம் விட்டுவைத்திருப்பாரா?

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு சிநேகிதி இருந்தார். கீழத்தெருவிலிருந்து படித்து டீச்சரான முதல் பெண். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். கணவர் கொழும்புக்குப் பிழைக்கப் போனவர், வருஷத்துக்கு இரண்டு கடிதமும் ஒரு துணிப் பார்சலும் அவரிடமிருந்து வரும். மூன்று வயது மகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டுத் திருச்சிக்கு டீச்சர் டிரெய்னிங் படிக்க வந்தார். அதே வருஷம் நானும் போனேன். அங்கே கன்னியாஸ்திரிகள் எங்களைப் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுக்க வைத்தார்கள், ஒரே பந்தியில் சாப்பிட வைத்தார்கள். இரண்டு வருஷம் என் தலையில் பேன் பார்த்தது அவர்தான். எனக்குக் கணக்கு வராது. தசமப் பின்னத்தை என் மண்டையில் ஏற்றியதும் அவர்தான். விடுமுறைக்கு ஒன்றாக பஸ்ஸில் வருவோம். ஊர் முனையில் இறங்கியதும் அவர் தன் பெட்டியைக் கீழே வைத்து எதையோ தேடுவதுபோல் நிற்பார். நான் முன்னால் நடந்து போனபிறகுதான் கிளம்புவார். அவர் எதைத் தேடுகிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

என் அப்பா வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது 'அவ' என்பார். நான் திருத்தியதில்லை. இப்போது எழுதும்போதாவது அவர் என்றே எழுதுகிறேன்.

ஐம்பத்தேழோ ஐம்பத்தெட்டோ, சரியாக ஞாபகமில்லை. எங்கள் சாமிக்கு அமெரிக்காவிலிருந்து பழைய பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வரும். அவர் பிரித்துப் பார்க்கமாட்டார். ஊரில் இங்கிலீஷ் படிக்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால் எல்லாம் என்னிடம் வந்து சேரும். அதில்தான் அந்த நாட்டுக் கறுப்பர்களைப் பற்றிப் படித்தேன். பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு எழுந்து இடம் கொடுக்க மறுத்த ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு போனதும், அந்த ஊர்க் கறுப்பர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் பஸ்ஸே ஏறாமல் நடந்து வேலைக்குப் போனதும் அதில் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் அப்போதெல்லாம் சட்டென்று கொதித்துப் போகிறவள். தூரத்தில் இருக்கும் அநியாயம் என்றால் இன்னும் நன்றாகக் கொதிப்பேன்.

ஐந்தாம் வகுப்பில் பாடத்தை ஓரம் வைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னேன்.

"தெனமும் எம்புட்டுத் தூரம் டீச்சர் நடந்தாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "திருவரங்குளம் வரைக்கும் இருக்குமா?"

"அதுக்கும் மேலயே இருக்கும்."

"மழை பேஞ்சாக்கூடவா?"

"மழை பேஞ்சாக்கூட."

இன்னொரு பத்திரிகையில் ஒரு படம் இருந்தது. பதினைந்து வயது மதிக்கத்தக்க கறுப்புப் பெண் ஒருத்தி, வெள்ளை உடுப்பும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தனியாக நடந்து போகிறாள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்திருக்கிறார்கள். உள்ளே விடாமல் மறிக்க ஒரு கூட்டம் பின்னாலேயே வருகிறது. கூட்டத்தில் ஒருத்தி வாயைப் பிளந்து கத்துகிறாள். கடைசியில் பட்டாளத்தை அனுப்பித்தான் அந்தப் பிள்ளைகளை உள்ளே கொண்டுபோனார்கள் என்று எழுதியிருந்தது. நான் அழுதுவிட்டேன். படத்தை வெட்டியெடுத்து வகுப்புச் சுவரில் மைதாப் பசை போட்டு ஒட்டினேன்.

என் சிநேகிதி அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இந்தப் புள்ளைக்கு அம்மா இருக்காங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"இருப்பாங்க. ஏன்?"

"எப்படித்தான் அனுப்பிச்சாங்களோ."

"துணிச்சல்தான்" என்றேன் பெரிய ஞானியைப்போல. அவர் கேட்டது அதுவல்ல என்று புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது.

அப்பாவிடமும் அந்தப் பத்திரிகையைக் காட்டினேன். அப்பா ஊருக்குப் பெரியவர், கோயில் காரியங்களைப் பார்ப்பவர். நல்ல மனிதர். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே நல்லவர். கீழத்தெருவில் யாருக்காவது பிரசவம் சிக்கலாகிவிட்டால் தன் வண்டியைப் பூட்டி அனுப்புவார். படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அட பாவிகளா. படிக்கப் போற பொம்பளப் புள்ளைய இப்படி மறிக்கிறானுகளே. இவனுகளும் வேதக்காரனுகதானா தாயி?"

"ஆமாப்பா. ஞாயித்துக்கெழமை தவறாம கோயிலுக்குப் போறவங்க."

"இந்தப் புள்ளைகளுக்காக ஒரு பூசை வைக்கணும்" என்றார்.

அப்படித்தான் அமெரிக்கக் கறுப்பர்களுக்காக எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு பூசை நடந்தது. கார்த்திகை மாதம், விடாமல் மழை. கோயில் நிறைந்திருந்தது. சாமி பிரசங்கத்தில் உருகிவிட்டார். "சர்வேசுரன் சமூகத்திலே கறுப்பென்றும் வெள்ளையென்றும் உண்டோ?" என்று அவர் கேட்டபோது பெண்கள் முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்துக்கொண்டேன். கிராதிக்கு அந்தப் பக்கமிருந்து எங்களைவிடச் சத்தமாக ஆமென் வந்தது. கடல்களுக்கு அப்பால் இருக்கும் ஜனத்துக்காக இரண்டு தெருவும் ஒரே நேரத்தில் முழங்கால் போட்டது, ஒரு தெரு நடுவிலும் ஒரு தெரு சிறகிலும். அந்தக் கோயிலில் இருந்த ஒருவருக்கும் அது விநோதமாகத் தெரியவில்லை. எனக்கும்தான்.

பூசை முடிந்து மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெருமையோடு கேட்டேன்.

"பூசை எப்படி இருந்துச்சு டீச்சர்?"

"நல்லா இருந்துச்சு. சாமி பேசுனது முழுசும் கேட்டுச்சு. தூண் மறைக்கிறதுனால மொகந்தான் தெரியலை" என்றார் சிநேகிதி.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, மத்தியானம் பிள்ளைகள் விளையாடப் போன நேரத்தில், அவர் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சர், எம் மவ வர்ற பாஸ்காவுக்குப் புதுநன்மை வாங்குறா."

"தெரியுமே. ஞானோபதேசத்துல அவதான் முதல்."

"மத்த புள்ளைகளோட வரிசையில பெரிய வாசல் வழியா அவளும் நடந்து வரணும்னு எனக்கு ஆசையா இருக்கு."

பிள்ளைகள் முதன்முதலாக நன்மை வாங்கும் புதுநன்மை எங்கள் ஊரில் கல்யாணம் மாதிரி. வெள்ளை உடுப்பு, தலையில் காகிதப்பூ முடி, கையில் மெழுகுதிரி. மணிக்கூண்டுக்குக் கீழே பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக நிறுத்தி, பாட்டோடு பெரிய வாசல் வழியாக நடுவில் கூட்டிக்கொண்டு வருவோம். பூசை முடிந்ததும் சாமி பங்களாவில் அவர்களுக்குப் பந்தி. இதெல்லாம் மேலத்தெருப் பிள்ளைகளுக்கு. கீழத்தெருப் பிள்ளைகள் வழக்கமான உடுப்போடு வடக்கு வாசலில் வந்து, கடைசியில் நன்மை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

என் முகத்தைப் பார்த்து அவர் அவசரமாகச் சொன்னார். "பந்தியில ஒக்கார வேணாம் டீச்சர். பூசை முடிஞ்சதும் நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன். கடைசியா நிக்கட்டும். சும்மா அந்த வாசல்ல நுழைஞ்சு நடந்து வந்தாப் போதும்."

கேட்பதற்கு முன்பே தன் ஆசையை இத்தனை தடவை நறுக்கிச் சின்னதாக்கி வைத்திருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது.

"இந்தப் படத்தை நீங்க ஒட்டலைன்னா நான் கேட்டிருக்க மாட்டேன்" என்றார்.

"நானே கூட்டிட்டு வாரேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு வரட்டும். யாரு என்ன சொல்றாங்கன்னு பார்த்துருவோம்" என்றேன். அந்த நிமிஷம் மனதாரச் சொன்னதுதான். அவர் கண் நிறைந்துவிட்டது. எனக்கும் என் மேலேயே ஒரு மதிப்பு வந்தது.

சாமியிடம் போய்ச் சொன்னேன். அவர் தாடியைத் தடவினார்.

"வரிசை போடுறது நீதானம்மா. நீ கூட்டிட்டு வந்தா, பீடத்தைப் பார்த்து நிக்கிற நான் திரும்பியா பார்க்கப் போறேன்?"

அந்தக் காலத்தில் சாமியார்கள் ஜனங்களுக்கு முதுகைக் காட்டித்தான் பூசை வைப்பார்கள். இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பிள்ளைக்கு எட்டு வயது. முன்பல் இரண்டும் விழுந்து, சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். கொழும்பிலிருந்து வந்த மல்துணியில் அவள் அம்மாவே உடுப்புத் தைத்தார். கைப்பகுதியில் சரிகை வைப்பதா வேண்டாமா என்று என்னிடம் மூன்று தடவை கேட்டார். வீட்டில் பப்பாளித் தண்டை மெழுகுதிரியாகப் பிடித்துக்கொண்டு அவள் நடந்து பழகுகிறாளாம், அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும், வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த நான்கு மாதமும் அவர் சிரித்ததுபோல் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு புதுநன்மை. முந்தின நாள் சாயங்காலம் அப்பா வயலிலிருந்து வந்து, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே சொன்னார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நாளைக்கிப் பூசைக்கு வாராங்க. ஒன்னையப் பார்க்கத்தான்."

மாப்பிள்ளை அறந்தாங்கியில் ஆபீஸ் உத்தியோகம் பார்ப்பவர். ஒருமுறை புதுக்கோட்டையில் உறவினர் கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடித்திருந்தது. அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. எங்கள் பக்கத்தில் அந்த வயதில் கலியாணமாகாமல் இருந்தால் பார்க்கிறவர்கள் எல்லாம் பெருமூச்சு விடுவார்கள்.

"அந்தப் புள்ளை விசயம் காதுல விழுந்துச்சு" என்றார் அப்பா. கோபமே இல்லை. "நான் தடுக்கலை தாயி. சாமியும் தடுக்கலைங்கிறாரு. ஊருலயும் யாரும் வாய் தொறக்க மாட்டாங்க. ஒங் கையிலதான் இருக்கு."

"நீங்கதானேப்பா பூசை வச்சீங்க, அந்தப் புள்ளைகளுக்காக?"

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. கால் துடைத்த துண்டு கையிலேயே நின்றது.

"அது அக்கிரமம்ல? இது நம்ம வழக்கம்ல?" என்றார். என்னிடம் அவர் கேள்வியாகத்தான் கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கொஞ்சநேரம் நின்றுவிட்டு உள்ளே போனார்.

ஞாயிறு காலை மணிக்கூண்டுக்குக் கீழே பதினான்கு பிள்ளைகள். நன்மை வாங்குவதற்கு முன்னால் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்ற பழைய வழக்கத்தால் எல்லோருக்கும் உதடு காய்ந்திருந்தது. சிநேகிதி மகளை என்னிடம் கொண்டுவந்து விட்டார். வரிசையில் கடைசியில் நிறுத்தினார். முடியைச் சரிசெய்தார். "டீச்சர் கையை விட்ராத" என்று அவளிடம் சொன்னார். என் முழங்கையை ஒருமுறை தொட்டார். பிறகு வடக்கு வாசல் வழியாக உள்ளே போனார், தன் மகள் பெரிய வாசலில் நுழைவதைப் பார்ப்பதற்கு.

மற்றக் குழந்தைகளின் தாய்மார்கள் சுற்றி நின்றார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருத்தி மட்டும், அந்தப் பிள்ளைக்கு முன்னால் நின்ற தன் மகளை இரண்டடி முன்னே நகர்த்தி நிறுத்தினாள். பெரிய வாசலருகே அப்பா ஆண்களோடு நின்றார். பக்கத்தில் வெள்ளைச் சேலையில் ஒரு பெரிய மனுஷி, மாப்பிள்ளையின் அம்மா என்று பார்த்ததுமே தெரிந்தது. அப்பா என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். முறைக்கவில்லை, தலையசைக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு கூட்டமே கத்தியும் அந்தப் பெண் நடந்து போனாள். இங்கே ஒரு ஈ காக்கை கத்தவில்லை. நான் விழுந்துவிட்டேன்.

பாட்டு தொடங்கி, முன்வரிசை நகர்ந்தது. நான் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தேன். சின்னக் கை, வேர்த்து ஈரமாக இருந்தது.

"வா கண்ணு, இங்கிட்டு வா" என்றேன்.

"வரிசை அங்கிட்டுப் போகுதே டீச்சர்?"

"ஒனக்கு இங்கிட்டு."

கூடவே வந்தாள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கோயிலின் வெளிச்சுவரை ஒட்டி நடந்தோம். மெழுகுதிரி அணைந்துவிடாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு, மறு கையை எனக்குக் கொடுத்து, அவள் வீட்டில் பழகிய நடையை நடந்தாள். ஒவ்வொரு அடியையும் எண்ணி வைப்பதுபோல. என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ள அவளுக்குக் கை இல்லை.

வடக்கு வாசலுக்குள் நுழைந்தோம். சிறகு நிறையக் கூட்டம். கிராதி ஓரத்தில், தூணுக்கு இந்தப் பக்கம், அவள் அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். கிராதியைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் எக்கி, பெரிய வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். கடைசி ஜோடியும் வந்துவிட்டது. அதற்குப் பின்னாலும் அவர் எக்கிக்கொண்டே இருந்தார்.

மகள் ஓடிப்போய் அவர் சேலையை இழுத்தாள்.

"அம்மா! டீச்சர் என்னைய மட்டும் தனியாக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்கம்மா. வேற யாரையும் பிடிக்கலை, என்னைய மட்டும்."

அவர் திரும்பினார். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குனிந்து மகளின் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"அப்படியா? டீச்சருக்கு ஸ்தோத்திரம் சொல்லு" என்றார்.

அவள் மெழுகுதிரியோடு சேர்த்துக் கையைக் குவித்து, "ஸ்தோத்திரம் டீச்சர்" என்றாள்.

நான் வெளியே வந்து, சுற்றிக்கொண்டு, பெரிய வாசல் வழியாக உள்ளே போய் என் இடத்தில் முழங்கால் போட்டேன்.

பந்தியில் நான்தான் இட்டிலி வைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நெதானமான பொண்ணு. புள்ளைகளைப் பதவிசா நடத்துது" என்று அப்பாவிடம் சொன்னார். ஆவணியில் கலியாணம் என்று அங்கேயே முடிவாயிற்று.

திங்கட்கிழமை சிநேகிதி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வருகைப் பதிவேடு, சாக்பீஸ், பரீட்சைத் தாள் என்று வேண்டியதைப் பேசினார். 'டீச்சர்' என்றார், 'ங்க' போட்டார். எப்போதும்போலத்தான். தலை வலிக்கிறதா என்று கேட்கமாட்டார், சாப்பிட்டாயிற்றா என்று கேட்கமாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நானும் எதையாவது சொல்லி அழுது தீர்த்திருப்பேன். அதற்கு அவர் வழி வைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சல்லடைத் தட்டிக்கு அந்தப் பக்கம் சாமி காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"இதுல பாவம் என்னம்மா இருக்கு?" என்றார். "யாரை அடிச்ச? யாரை வஞ்ச? அந்தப் புள்ளை நன்மை வாங்குச்சா இல்லையா? வேற ஏதாச்சும் இருந்தாச் சொல்லு."

அப்பாவிடம் சொன்ன ஒரு சில்லறைப் பொய்யைச் சொன்னேன். அதற்கு மூன்று அருள் நிறை மந்திரம் அபராதம் கிடைத்தது. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

கலியாணமாகி அறந்தாங்கிக்குப் போனேன். நல்ல மனிதர் எனக்கு வாய்த்தார். மூன்று பிள்ளைகள். அன்றைக்கு நான் பெரிய வாசல் பக்கம் நடந்திருந்தால் இந்தப் பிள்ளைகள் இல்லை என்ற நினைப்பு வரும்போது, அந்தத் தப்பை முழு மனதோடு வெறுக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றும். அறுபதுகளின் பிற்பகுதியில் பூசை தமிழுக்கு வந்தது, சாமியார்கள் ஜனங்களைப் பார்த்துத் திரும்பினார்கள். எங்கள் ஊர்க் கோயிலிலும் கிராதியை எடுத்துவிட்டார்கள். லீவுக்குப் போயிருந்தபோது பார்த்தேன். தரையில் கிராதி நின்ற குழிகளைச் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். ஜனங்கள் அவரவர் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அதே காலத்தில்தான் அமெரிக்காவில் கறுப்பர்களின் தலைவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அப்பா ரேடியோவில் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டாராம். அவருக்காக ஒரு பூசை வைக்கப்போவதாகவும் நான் அவசியம் வரவேண்டும் என்றும் கடிதம் எழுதினார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பதில் போட்டேன். காய்ச்சல் இல்லை.

சிநேகிதி அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே ஊரைவிட்டுப் போயிருந்தார். புதுநன்மை நடந்த அதே வருஷம், ஜூன் மாதம், கட்டுமாவடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தானே எழுதிக் கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டார். கிளம்பும் நாள் காலையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு சாக்கு மூட்டை, ஒரு குடம். மகள் முதலிலேயே ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டாள்.

என்ன பேசுவதென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். 

"என்னை மன்னிச்சிருங்க டீச்சர்" என்றேன்.

அவர் கீழே இருந்த குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"ஒங்க மேல கோவம் இல்லைன்னு சொன்னாப் பொய். இருக்கு. ஆனா ஒரே ஒரு ஒதவி செய்யுங்க டீச்சர். என்னைக்காச்சும் எம் மவளை எங்கயாச்சும் பார்த்தீங்கன்னா, அவகிட்ட மட்டும் மன்னிப்புக் கேட்றாதீங்க."

எனக்கு விளங்கவில்லை.

"அத்தனை புள்ளைகள்ல தன்னை மட்டுந்தான் டீச்சர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்கன்னு அவ இன்னும் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறா. எப்படியும் ஒருநா அவளுக்கே தெரியத்தான் போகுது. அது வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். அவர் படியேறி உள்ளே போனார், திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் நகர்ந்தபோது ஜன்னலிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே வந்தது. "போயிட்டு வாரேன் டீச்சர்!" என்று கத்தினாள், புதிதாக முளைத்த இரண்டு பல்லும் தெரிய. நானும் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினேன்.